டெக்சாஸில் வீடு வாங்கினேன், ஹோம்ஸ்டெட் படிவத்தை மறந்தேன்

2020 அக்டோபரில் டல்லாஸுக்கு வடக்கே ஒரு புது வீடு வாங்கினோம். பால் காய்ச்சும்போது புகை அலாரம் கத்தியது, மாமனார் வாட்ஸப் வீடியோவில் "அது என்ன சத்தம் மாப்பிள்ளை" என்று மூன்று தடவை கேட்டார், மற்றபடி எல்லாம் நல்லபடியாகவே முடிந்தது. தப்பு நடந்தது அதற்கப்புறம். தப்பு என்றால் பெரிய மோசடி எதுவும் இல்லை, நான் நிரப்ப வேண்டிய ஒரு படிவத்தை ஒரு வருடத்துக்கும் மேலாக நிரப்பாமல் விட்டேன், அவ்வளவுதான். அந்த ஒரு படிவத்தைச் சுற்றி நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். இர்விங்கிலும் பிளேனோவிலும் ஃப்ரிஸ்கோவிலும் புதிதாக வீடு வாங்குகிற நம் ஆட்கள் நிறையப் பேர் இதே இடத்தில்தான் வழுக்குகிறார்கள்.

முதலில் ஒன்று. ஹோம்ஸ்டெட் என்ற ஒரே சொல்லை டெக்சாஸில் இரண்டு விஷயங்களுக்குப் பயன்படுத்துகிறார்கள். ஒன்று, கடன்காரர்களிடமிருந்து வீட்டுக்குக் கிடைக்கும் சட்டப் பாதுகாப்பு. இன்னொன்று, சொத்து வரியில் கிடைக்கும் சலுகை. முதலாவதற்கு நீங்கள் எதையும் தாக்கல் செய்ய வேண்டியதில்லை, சொந்த வீட்டில் குடியிருந்தாலே போதும். இரண்டாவதற்கு விண்ணப்பம் போட்டே ஆக வேண்டும். நான் எங்கேயோ "டெக்சாஸில் ஹோம்ஸ்டெட் தானாகவே கிடைக்கும்" என்று படித்துவிட்டு, இரண்டும் ஒன்றுதான் போல என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கிவிட்டேன்.

குளோசிங் அன்றைக்கே, அதாவது வீட்டுப் பத்திரங்களில் கையெழுத்துப் போடும் நாளிலேயே, எனக்கு ஒரு துப்பு கிடைத்தது, அப்போது புரியவில்லை. கடன் என் பெயரில் மட்டும்தான். மனைவி அப்போது எச்4 விசாவில் (எச்1பி வேலை விசாக்காரரின் துணைக்குத் தரும் விசா) இருந்தாள், வருமானம் இல்லை, கடன் விண்ணப்பத்தில் அவள் பெயரே கிடையாது. நான் தனியாகப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்று கிளம்பினால், சொத்தின் உரிமையைச் சரிபார்த்துப் பத்திர வேலையை முடித்துத் தரும் டைட்டில் கம்பெனியின் அம்மா "உங்கள் மனைவி இல்லாமல் முடியாது" என்று சொல்லிவிட்டார். வீட்டை அடமானமாக வைக்கும் பத்திரத்தில் அவளும் கையெழுத்துப் போட வேண்டும். ஏன் என்று கேட்டேன். "கடன் உங்களுடையது சார், ஹோம்ஸ்டெட் உரிமை ரெண்டு பேருக்கும்" என்றார். கணவனோ மனைவியோ மற்றவரின் கையெழுத்து இல்லாமல் குடும்ப வீட்டை விற்க முடியாது, அடமானம் வைக்கவும் முடியாது, பத்திரத்தில் ஒருவர் பெயர் மட்டும் இருந்தாலும் இதுதான் நிலைமை. எச்4இல் இருக்கும் பெண்கள் பலருக்கு இந்த விஷயமே தெரியாது.

அந்தப் பாதுகாப்பு மாநில அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது, 16ஆம் பிரிவின் 50ஆவது உட்பிரிவு. அதற்கும் முன்னால், டெக்சாஸ் தனி நாடாக இருந்த 1839 ஜனவரியிலேயே, கடனுக்காகக் குடும்ப வீட்டைப் பிடுங்கக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார்கள்; 50 ஏக்கர் நிலம், அல்லது ஊருக்குள் ஒரு மனை. 1837இல் அமெரிக்காவில் பெரிய பணமுடை வந்து, கடனாளிகள் கூட்டம் கூட்டமாக டெக்சாஸுக்கு ஓடிவந்த காலம் அது. இன்றைக்கு நகரத்தில் 10 ஏக்கர் வரை, கிராமப்புறத்தில் ஒரு குடும்பத்துக்கு 200 ஏக்கர் வரை பாதுகாப்பு உண்டு. வீட்டின் மதிப்புக்கு உச்சவரம்பே கிடையாது. எங்கள் மனை நம்மூர்க் கணக்கில் பதினாலு சென்ட் கூட வராது, ஆகவே அந்தப் பத்து ஏக்கரைப் பற்றி நான் கவலைப்படவில்லை.

மாமனாரிடம் இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. விருதுநகரில் முப்பது வருடம் பலசரக்குக் கடை வைத்திருந்தவர், எதிர்வீட்டுக் கதவில் ஜப்தி நோட்டீஸ் ஒட்டியதைக் கண்ணால் பார்த்தவர். "கடன் வாங்கினவன் வீட்டைத் தொட முடியாதுன்னா அப்புறம் எவன் மாப்பிள்ளை கடன் கொடுப்பான்?" என்றார். நியாயமான கேள்வி. பதில், வீட்டுக் கடன் கொடுத்தவர் தொடலாம், கிரெடிட் கார்டு கம்பெனியும் ஆஸ்பத்திரியும் தொட முடியாது, அதுதான் வித்தியாசம்.

சரி, நான் கோட்டைவிட்ட கதைக்கு வருகிறேன்.

புது வீடு என்றால் முதல் வருட வரி பெரும்பாலும் வெறும் நிலத்துக்குத்தான் வரும். ஜனவரி 1ஆம் தேதி அந்த இடம் எப்படி இருந்ததோ அதுதான் கணக்கு. எங்கள் இடத்தில் 2020 ஜனவரி 1 அன்று சிவப்பு மண்ணும் ஒரு பிளாஸ்டிக் குழாயும்தான் இருந்திருக்கும், 85,000 டாலர் மனை என்று போட்டிருந்தார்கள். கடன் கொடுத்த நிறுவனம் அந்த வரியை வைத்தே எஸ்க்ரோ கணக்கை (வரி கட்டுவதற்காகத் தவணையோடு சேர்த்து வசூலித்து வைக்கும் பணம்) போட்டது, மாதத் தவணை கைக்கு அடக்கமாக இருந்தது, நானும் நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். 2021 ஜனவரி 1 அன்று முழு வீடு நின்றது. மதிப்பு 410,000. எங்கள் பக்கம் எல்லா வரியும் சேர்த்து 2 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். 2022 தொடக்கத்தில் எஸ்க்ரோ கடிதம் வந்தது: 7,000 டாலர் சொச்சம் பற்றாக்குறை, ஒரேயடியாகக் கட்டுகிறீர்களா அல்லது பன்னிரண்டு மாதத்தில் கட்டுகிறீர்களா, எப்படியிருந்தாலும் இனிமேல் மாதத் தவணை 600 டாலர் கூடும். சமையலறை மேடையில் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு நானும் மனைவியும் பத்து நிமிடம் பேசவே இல்லை. குக்கர் மட்டும் விசில் அடித்துக்கொண்டிருந்தது.

இதில் பில்டரின் விற்பனையாளர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆனால் நானும் கேட்கவில்லை, விலையை 2 சதவீதத்தால் பெருக்கிப் பார்க்க எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை, வேலையே எண்களோடுதான்.

அந்த அதிர்ச்சியில்தான் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட், அதாவது வரிக்காக வீட்டின் மதிப்பைப் போடும் அலுவலகத்தின் தளத்தில் எங்கள் வீட்டைத் தேடினேன். "விலக்குகள்" என்ற இடத்தில் ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் முகவரியைப் போட்டேன் (யாருடையதை வேண்டுமானாலும் பார்க்கலாம், இந்த ஊரில் சொத்து விவரம் ஒளிவுமறைவு இல்லாத சமாச்சாரம்), அவருக்கு ஹோம்ஸ்டெட் என்று இருந்தது. அவரும் எங்களோடு அதே மாதம் குடிவந்தவர்.

விண்ணப்பம் 50-114 என்ற எண் கொண்ட படிவம். கட்டணம் கிடையாது. பெயர், முகவரி, எப்போது குடிவந்தீர்கள், வேறெங்கும் இந்தச் சலுகை வாங்குகிறீர்களா, ஓட்டுநர் உரிமத்தின் நகல். பத்து நிமிட வேலை. எனக்கு இரண்டு மாதம் ஆனது, காரணம் அந்தக் கடைசிச் சமாச்சாரம். உரிமத்தில் இருக்கும் முகவரியும் வீட்டு முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும். என் உரிமத்தில் இன்னும் இர்விங் அபார்ட்மென்ட் முகவரி. எச்1பியில் இருப்பவர்களுக்குத் தெரியும், நம் உரிமம் விசாக் காலத்தோடு காலாவதியாகும் குறுகிய கால உரிமம், நீட்டிப்புக் காகிதம் வருவதற்காகக் காத்திருந்து எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தடவையில் மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டிருந்தேன். உரிமம் தரும் டிபிஎஸ் அலுவலகத்தில் நேரம் கிடைப்பதோ அப்போது குதிரைக்கொம்பு. ஆகவே புது வீட்டுக்கு மாறியவுடனே முதல் வேலையாக உரிமத்தில் முகவரியை மாற்றிவிடுங்கள். எப்படியும் முப்பது நாளுக்குள் மாற்ற வேண்டும் என்பது சட்டம்.

இன்னொன்றும் கேட்பார்கள்: "நாம சிட்டிசன் இல்லையே, கிரீன் கார்டு கூட இல்லையே, நமக்குத் தருவார்களா?" தருவார்கள். வீடு உங்களுடையதாக இருக்க வேண்டும், அதுவே உங்கள் முதன்மை வசிப்பிடமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் கேள்வி. குடியுரிமை கேட்பதில்லை.

நல்லவேளையாகத் தாமதமாகவும் விண்ணப்பிக்கலாம். வழக்கமான கெடு ஏப்ரல் 30. அதைத் தவறவிட்டால், அந்த வருட வரி நிலுவையாகும் தேதியிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட்டால் ஏற்பார்கள், கட்டிய அதிகப்படி வரியைத் திருப்பித் தருவார்கள். 2021க்கான பணம் எனக்கு 600 டாலருக்குக் கொஞ்சம் மேல் திரும்ப வந்தது. அப்போது பள்ளி வரிக்காக வீட்டின் மதிப்பிலிருந்து கழிக்கும் விலக்கு 25,000 டாலர்தான். 2022இல் அது 40,000 ஆனது, 2023இல் 100,000, 2025 நவம்பர் வாக்கெடுப்புக்குப் பிறகு 140,000. இப்போது மறப்பவருக்கு நட்டம் எனக்கு வந்ததை விடப் பல மடங்கு.

ஆனால் அந்த 600 டாலர் முக்கியமில்லை. முக்கியமானது பத்து சதவீத வரம்பு. ஹோம்ஸ்டெட் இருக்கும் வீட்டின் வரி மதிப்பை வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது, சந்தை விலை எவ்வளவு எகிறினாலும். இந்த வரம்பு நீங்கள் சலுகைக்குத் தகுதிபெற்ற வருடத்துக்கு அடுத்த வருடத்திலிருந்துதான் ஓடத் தொடங்கும். 2022 ஏப்ரலில் வந்த நோட்டீஸில் எங்கள் வீட்டின் சந்தை மதிப்பு 560,000. ஒரே வருடத்தில் ஒன்றரை லட்சம் ஏற்றம். தெருவில் எல்லாருக்கும் அப்படித்தான். 2021க்கான விலக்கை நான் பின்னோக்கி வாங்கியிருந்ததால் எங்கள் வரி மதிப்பு 451,000இல் நின்றது. மிச்சமான 109,000க்கு வரி போட்டுப் பாருங்கள், 2,400 டாலர் வரும், அந்த ஒரு வருடத்துக்கு மட்டும். மூன்றாவது வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டிருந்த தெலுங்கு நண்பருக்கு வரம்பு எதுவும் இல்லை, 2022க்கு முழுத் தொகையையும் கட்டினார்.

இதே வரம்பு பழைய வீடு வாங்குகிறவர்களைக் கவிழ்க்கும் விதம் வேறு. வீடு தேடும் செயலிகளில் "கடந்த வருட வரி 6,200" என்று காட்டும். அது பதினைந்து வருடமாக அங்கே குடியிருந்த தாத்தாவின் வரம்புக்குட்பட்ட வரி, அறுபத்தைந்து வயதுக்கு மேல் தரும் சலுகையும் அதில் சேர்ந்திருக்கலாம். நீங்கள் வாங்கியதும் அடுத்த ஜனவரியில் அந்த வரம்பு போய்விடும், சந்தை மதிப்பிலிருந்து புதிதாகத் தொடங்கும். விற்பவர் கட்டும் வரியைப் பார்க்காதீர்கள், அப்ரைசல் தளத்தில் சந்தை மதிப்பு என்ற வரியைப் பாருங்கள்.

2022 முதல் இன்னொரு நல்ல மாற்றம். முன்பெல்லாம் ஜனவரி 1 அன்று வீட்டில் இருந்தால்தான் அந்த வருடத்துக்குச் சலுகை. இப்போது வருட நடுவில் வாங்கினாலும் குடிவந்தவுடனே விண்ணப்பிக்கலாம், முந்தைய உரிமையாளர் அந்த வருடம் அதே சலுகையை வாங்கியிருக்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. புது வீட்டுக்கு அந்தச் சிக்கலும் இல்லை. விண்ணப்பிக்கும் முன் உங்கள் வீடு எந்த கவுண்டியில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஃப்ரிஸ்கோ மாதிரி ஊர்கள் காலின், டென்டன் என்று இரண்டு கவுண்டிகளில் பரவிக் கிடக்கின்றன.

வீடு வாங்கிய ஒரு மாதத்துக்குள் தபால்பெட்டியில் கழுகுப் படம் போட்ட உறைகள் வரும். "ஹோம்ஸ்டெட் பதிவு — உடனடி நடவடிக்கை தேவை", கீழே ஐம்பது அறுபது டாலர் கட்டணம், ஒரு கெடு தேதி. எனக்கு மூன்று வந்தன. ஒன்றில், இது விளம்பரம்தான், அரசு ஆவணம் அல்ல என்று நியாயமாக அச்சிட்டே இருந்தது, ஆனால் அதைப் படிக்கிற அளவுக்கு யாருக்குப் பொறுமை. அவர்கள் செய்து தருவது பெரும்பாலும் நீங்களே இலவசமாகச் செய்யக்கூடிய வேலை, அல்லது தேவையே இல்லாத பதிவு. நான் அந்த உறைகளைக் குப்பையில் போட்டது சரி. அந்த வேகத்தில், ஹோம்ஸ்டெட் என்று எது வந்தாலும் ஏமாற்று என்று முடிவுகட்டி, உண்மையான படிவத்தையும் சேர்த்து மறந்துபோனதுதான் பிசகு.

இனி பாதுகாப்பு பற்றி. இதை நான் என் வீட்டில் பார்க்கவில்லை, நண்பர் ஒருவர் விஷயத்தில் பார்த்தேன். கூட்டாளியோடு சேர்ந்து ஒரு ஸ்ட்ரிப் மாலில் சின்ன உணவகம் வைத்தார், கடை வாடகை ஒப்பந்தத்தில் தனிப்பட்ட உத்தரவாதம் கொடுத்திருந்தார், கொரோனாவில் மூடவேண்டி வந்தது. கட்டட உரிமையாளர் வழக்குப் போட்டு ஜெயித்தார். நண்பரின் வங்கிக் கணக்கை முடக்கினார்கள். சம்பளத்தைப் பிடிக்க முடியவில்லை, சாதாரணக் கடனுக்குச் சம்பளத்தைப் பிடிக்க டெக்சாஸில் அனுமதி இல்லை. வீட்டையும் தொட முடியவில்லை. ஆனால் தீர்ப்பின் சுருக்கத்தைக் கவுண்டியில் பதிவு செய்துவிட்டார்கள். 2023இல் அவர் வீட்டை விற்கப் போனபோது அது டைட்டில் தேடலில் தலைகாட்டியது, வாங்குபவர் பின்வாங்கப் பார்த்தார்.

அப்போதுதான் தெரிந்தது, இதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. இது என் ஹோம்ஸ்டெட், இந்தத் தீர்ப்பு இதைக் கட்டாது என்று ஒரு பிரமாணப் பத்திரம் தயாரித்து, வெற்றி பெற்றவருக்கும் அவருடைய வக்கீலுக்கும் முப்பது நாள் முன்னதாக அனுப்பிவிட்டுப் பதிவு செய்யலாம். வக்கீல் செலவு ஆனது, குளோசிங் ஒரு மாதத்துக்கு மேல் தள்ளிப்போனது, ஆனால் வீடு விற்றது. விற்ற பணத்துக்கும் ஆறு மாதம் பாதுகாப்பு உண்டு. அதற்குள் அவர் இன்னொரு வீடு வாங்கிவிட்டார். ஆறு மாதம் என்பதை அவர் நாட்காட்டியில் சிவப்பில் வட்டம் போட்டு வைத்திருந்ததை நான் பார்த்தேன்.

எதெல்லாம் இந்தப் பாதுகாப்பைத் தாண்டி வரும்? வீடு வாங்கிய கடன், சொத்து வரி, மத்திய அரசின் வருமான வரி பாக்கி, வீட்டில் நமக்குச் சேர்ந்த பங்கை அடமானம் வைத்து எடுத்த ஈக்விட்டி கடன். கடைசியாகச் சொன்னதை டெக்சாஸ் 1998 வரை அனுமதிக்கவே இல்லை, இப்போதும் எல்லாக் கடனும் சேர்த்து வீட்டு மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, விண்ணப்பித்துப் பன்னிரண்டு நாள் காத்திருக்க வேண்டும்.

நம் ஆட்கள் சட்டை செய்யாதது எச்.ஓ.ஏ. (குடியிருப்பின் வீட்டுக்காரர் சங்கம்) சந்தா. வேலிக்குச் சாயம் அடிக்கச் சொல்லிக் கடிதம் போடுகிறவர்கள்தானே என்று அலட்சியமாக இருப்போம். சந்தா பாக்கிக்காகக் கோர்ட் உத்தரவு வாங்கி வீட்டையே ஏலம் விட அவர்களால் முடியும், ஹோம்ஸ்டெட் அங்கே காப்பாற்றாது. அபராதத்துக்காக மட்டும் அப்படிச் செய்ய முடியாது. ஆகவே அபராதத்தோடு சண்டை போடுங்கள், சந்தாவை நேரத்துக்குக் கட்டிவிடுங்கள்.

அப்புறம் கூரைக்காரர்கள். வசந்தத்தில் ஆலங்கட்டி மழை பெய்த மறுநாள் கதவைத் தட்டுவார்கள், ஐபேடில் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். குடியிருக்கும் வீட்டில் செய்த வேலைக்காக வீட்டின் மீது பாத்தியதை கோர வேண்டுமானால், வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும், கணவன் மனைவி இருவரும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும், அதைக் கவுண்டியில் பதிவும் செய்ய வேண்டும். எங்கள் வாசலுக்கு வந்தவர் "மேடமும் போடட்டும்" என்று குறிப்பாகக் கேட்டபோது எனக்கு டைட்டில் கம்பெனி அம்மா ஞாபகம் வந்தது. உள்ளே போய் முழுதாகப் படித்துவிட்டு வருகிறேன் என்று கதவைச் சாத்தினேன்.

புதிதாக வாங்கியவர்களுக்கு மட்டுமான ஒரு ஓட்டை: திவால் மனு. டெக்சாஸில் வரம்பில்லை என்று சொன்னேன் அல்லவா, வீடு வாங்கி 1,215 நாள், அதாவது சுமார் மூன்று வருடம் நாலு மாதம் ஆவதற்குள் திவால் மனு போட்டால், 2005இல் வந்த மத்தியச் சட்டப்படி பாதுகாப்புக்கு உச்சவரம்பு உண்டு. இப்போது 214,000 டாலர். பணக்காரர்கள் திவாலுக்கு முன் இங்கே வந்து மாளிகை வாங்கிப் பதுங்குவதைத் தடுக்கப் போட்டது.

மற்ற மாநிலத்தில் இருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பாஸ்டன் பக்கம் இருக்கும் மச்சினிக்கு இதைச் சொல்லப்போய் அவள்தான் எனக்குப் பாடம் எடுத்தாள். மாசசூசெட்ஸில் தானாகக் கிடைப்பது 125,000 டாலர் வரைதான், பதிவு அலுவலகத்தில் அறிவிப்புப் பத்திரம் பதிந்தால்தான் முழுப் பாதுகாப்பு, அது 2024இல் 500,000இலிருந்து 10 லட்சம் டாலராக உயர்ந்தது. ஆக அங்கே பாதுகாப்புக்கே காகிதம் வேண்டும். நியூ ஜெர்சியில் மாநிலச் சட்டத்தில் கடன்காரரிடமிருந்து அப்படி ஒரு பாதுகாப்பே இல்லை. ஆனால் அங்கே ஹோம்ஸ்டெட் பெனிஃபிட் என்று ஒரு வரித் திட்டம் இருந்தது, இப்போது ஆங்கர் என்று பெயர் மாறிவிட்டது. எடிசனில் இருந்து இங்கே வந்த நண்பர், ஹோம்ஸ்டெட் என்றால் வருடாவருடம் செக் வருமே என்று கேட்டதன் காரணம் அதுதான்.

ஊருக்குப் போய் விசா ஸ்டாம்பிங்கில் மாட்டிக்கொண்டால் சலுகை போய்விடுமா என்று ஒருவர் பதறினார். போகாது. திரும்பி வரும் எண்ணம் இருந்து, வேறெங்கும் முதன்மை வீடு வைத்துக்கொள்ளாமல் இருந்தால் இரண்டு வருடம் வரை தாங்கும். ஆனால் முழு வீட்டையும் வாடகைக்கு விட்டுவிட்டு வேறு வீட்டில் குடியேறிய பிறகும் சலுகையை வாங்கிக்கொண்டிருப்பது வேறு விஷயம், கண்டுபிடித்தால் பின்தேதியிட்டு வரி கேட்பார்கள்.

இப்போது கண்டுபிடிக்க வழியும் இருக்கிறது. 2023இல் வந்த சட்டப்படி அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவையாவது ஒவ்வொரு ஹோம்ஸ்டெட்டையும் சரிபார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் கடிதம் போடுவார்கள், பதில் போடாவிட்டால் சலுகையே ரத்தாகலாம். எங்களுக்கும் வந்தது. வெள்ளை உறை, கழுகுப் படம் இல்லை, கட்டணம் கேட்கவில்லை, பார்க்க விளம்பரத்தை விட மட்டமாக இருந்தது. நான் அதைப் பீட்சா கூப்பன்களோடு சேர்த்துக் கிழிக்கப் போனேன். மனைவி கையிலிருந்து பிடுங்கி, கவுண்டி தளத்தில் எங்கள் கணக்கு எண்ணை ஒத்துப்பார்த்து, உரிமத்தைப் படமெடுத்து அனுப்பிவிட்டு, கடிதத்தை டிராயரில் கிரயப் பத்திரத்துக்கு மேலே வைத்தாள்.